கொங்கு நாட்டுக் குகைக் கல்வெட்டுகளும் கொடுமணலும்: இரண்டு நாளில் பார்த்துவர ஒரு வழிகாட்டி

அறச்சலூர், கொடுமணல், விஜயமங்கலம், திங்களூர், புகலூர். தமிழ் எழுத்தின் தொடக்கத்தையும் கொங்கு நாட்டுச் சமணத்தையும் நேரில் பார்க்க நினைப்பவர்கள் போயே ஆகவேண்டிய ஐந்து ஊர்கள் இவை. ஐந்தும் ஈரோடு, கரூர் மாவட்டங்களுக்குள் வருகின்றன. எங்கும் நுழைவுச் சீட்டு கிடையாது, வழிகாட்டி கிடையாது. சில இடங்களில் கைகாட்டிப் பலகைகூடக் கிடையாது. அதனால்தான் வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்களில் பலர் கல்வெட்டுக்கு நூறடி பக்கத்தில் நின்றுவிட்டு, பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். வரலாற்றை நீங்கள் படித்துவிட்டு வாருங்கள். எப்படிப் போவது, எப்போது போவது, எங்கே சறுக்கும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

1. வரைபடத்தில் ஊரைச் சரியாகப் பிடியுங்கள்

முதல் தவறு வீட்டிலேயே நடக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் ‘திங்களூர்’ என்று போட்டால் தஞ்சாவூர் பக்கத்துச் சந்திரன் கோயிலைக் காட்டும். நீங்கள் போகவேண்டியது பெருந்துறைக்கு வடக்கே இருக்கும் திங்களூர். ‘நாகமலை’ என்று போட்டால் மதுரை நாகமலை வரும். உங்களுக்கு வேண்டியது அறச்சலூர் நாகமலை. ‘புகலூர்’ என்று தேடினால் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருப்புகலூர் குறுக்கே வரும். அதற்குப் பதிலாக ‘வேலாயுதம்பாளையம்’ என்று தேடுங்கள். மலை அந்த ஊரில்தான் இருக்கிறது. அறச்சலூரைப் பேருந்துப் பலகைகளில் ‘அரச்சலூர்’ என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஐந்து இடங்களையும் மாவட்டப் பெயரோடு தேடி, வீட்டில் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி வரைபடத்தைத் தரவிறக்கியும் வையுங்கள். மலையடிவாரத்திலும் நொய்யல் கரைக் காடுகளிலும் அலைவரிசை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

2. ஊர்க்காரரிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது

வரைபடம் ஊர் எல்லை வரைக்கும்தான் உதவும். மிச்ச வழியை ஆள் கேட்டுத்தான் போகவேண்டும். தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழியின் (தமிழ்-பிராமி) பெயரைச் சொல்லி, “தமிழி கல்வெட்டு எங்கே?” என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். அவர்மேல் தப்பில்லை, அந்த இடத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் வேறு.

சமணர் படுக்கைகளை, அதாவது சமணத் துறவிகள் தங்குவதற்காகப் பாறையில் வெட்டிய கல்படுக்கைகளை, பல ஊர்களில் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்பார்கள். அறச்சலூர்க் குகைத்தளத்துக்கு ‘ஆண்டிப்பாறை’ என்று பெயர். விஜயமங்கலத்துச் சமணக் கோயிலை ‘சந்திரபிரபர் கோயில்’ என்று கேட்காதீர்கள். ‘நெட்டைக் கோபுரம்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். கொடுமணலில் ‘அகழாய்வு நடந்த இடம்’ என்றோ ‘குழி தோண்டுன காடு’ என்றோ கேட்கலாம். பெருங்கற்காலச் சவக்குழிகளைக் கொங்கில் ‘பாண்டியன் குழி’ என்று சொல்லும் வழக்கம் உண்டு, அந்தச் சொல்லையும் சொல்லிப் பாருங்கள்.

வண்டியில் இருந்தபடியே கேட்காமல் இறங்கி நின்று, “ஏனுங்க, ஆண்டிப்பாறைக்கு எப்படிங்க போறது?” என்று கேளுங்கள். பாதி நேரம் அவரே கூட வந்து காட்டுவார். வயதானவர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேட்பது நல்லது. மலையின் ஒவ்வொரு புடவும் அவர்களுக்குத் தெரியும்.

3. நாளும் நேரமும்

மார்கழி முதல் மாசி வரை, அதாவது டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை, ஏற்ற காலம். பங்குனியிலிருந்து வைகாசி வரை பகல் 10 மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும், புதரும் மண்டியிருக்கும்.

தவிர்க்கவேண்டிய நாட்கள்: ஆடி 18 அன்று அறச்சலூருக்குப் பக்கத்திலுள்ள ஓடாநிலையில் தீரன் சின்னமலை நினைவு நாள் நடக்கும். கூட்டமும் போக்குவரத்து மாற்றமும் இருக்கும். தைப்பூசத் தேரின்போது சென்னிமலை வழியாகப் போவது கடினம். வளர்பிறை முகூர்த்த நாட்களில் நகரப் பேருந்துகளில் நிற்கக்கூட இடம் இருக்காது.

அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. கரூர் அருங்காட்சியகம் இரண்டாம் நாளில் வருவதால், முதல் நாளைச் சனிக்கிழமையிலும் இரண்டாம் நாளை ஞாயிற்றுக்கிழமையிலும் வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

இதைவிட முக்கியம், ஒரு நாளுக்குள் எந்த நேரம் என்பது. குகைக் கல்வெட்டுகளை காலை 9 மணிக்குள் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல். ஆழமில்லாமல் வெட்டிய எழுத்துகள் இவை. உச்சி வெயிலில் பாறை முழுக்க ஒரே வெளிச்சமாகி எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் வெட்டின் விளிம்பில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

4. கையில் என்ன இருக்கவேண்டும்

தாள்களில்: ஆதார் அட்டை அல்லது வேறு அடையாள அட்டை (விடுதியில் கேட்பார்கள்), வண்டி ஓட்டுபவருக்கு உரிமம், ஆர்.சி., காப்பீடு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் விடுதியில் அறை எடுக்க முடியாது, நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் கல்லூரியின் முத்திரையோடு ஒரு அறிமுகக் கடிதம் வாங்கி வாருங்கள். யாரும் கேட்காமலும் போகலாம். ஆனால் இருபது பேர் ஒரு மலையில் ஏறும்போது ஊர்க்காரர்கள் விசாரிப்பது இயல்பு, அப்போது அந்தக் கடிதம் பேச்சைச் சுருக்கிவிடும்.

பொருட்களில்: ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், நல்ல டார்ச் ஒன்று (கைப்பேசி விளக்கு போதாது), தொப்பி, கல்வெட்டின் மசிப்படி (எழுத்தின்மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி எடுத்த படி) அச்சிட்ட தாள். கூடவே கெட்டியான பருத்திக் காலுறை ஒரு ஜோடி. புகலூரில் மலைமேல் முருகன் கோயில் இருப்பதால் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றவேண்டி வரும். படிகளில் தெரியாது, குகைத்தளத்துக்கு ஒதுங்கி வெறும் பாறையில் நடக்கும்போதுதான் சூடும் கூர்ங்கற்களும் தெரியும்.

வாசனைத் தைலமும் செண்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள். பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கட்டியிருக்கலாம். கூடு கண்ணில் பட்டால் அன்றைக்கு அந்தக் குகையை விட்டுவிடுங்கள்.

5. போக்குவரத்தும் செலவும்

ஈரோட்டில் இரவு தங்குவது வசதி. ரயிலும் பேருந்தும் எந்நேரமும் உண்டு.

இருசக்கர வண்டி இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. இரண்டு நாளும் சேர்த்து ஏறக்குறைய 250 கி.மீ. வரும். லிட்டருக்கு 45 கி.மீ. கிடைக்கும் வண்டிக்கு 6 லிட்டருக்குள், ஏறத்தாழ 600 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

வாடகைக் கார் பேசும்போது நான்கைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் கணக்கு, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா எவ்வளவு, சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு. விஜயமங்கலத்தில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி இருக்கிறது. கொடுமணல், ஆண்டிப்பாறை என்ற பெயர்கள் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்காது, அதனால் காத்திருப்பு நேரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேருந்தில்தான் போகப்போகிறீர்கள் என்றால், ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் பேருந்துகள் அறச்சலூர் வழியாகப் போகின்றன. விஜயமங்கலத்துக்குப் பெருந்துறை வழியாக அவிநாசி, கோவை போகும் சாதாரணப் பேருந்தில் ஏறவேண்டும். இடைநில்லாப் பேருந்துகள் அங்கே நிற்காது. புகலூர் மலைக்கு, கரூர்–நாமக்கல் பேருந்தில் வேலாயுதம்பாளையம் சீட்டு வாங்கும்போதே ‘ஊருக்குள் நிற்குமா’ என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புறநகர்ப் பேருந்துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏறுமுன் பலகையைப் பாருங்கள்.

ரயிலில் ஈரோடு–கோவை பயணிகள் வண்டி விஜயமங்கலத்தில் நிற்கும். ஈரோடு–கரூர் தடத்துப் பயணிகள் வண்டி புகலூரில் நிற்கும். விரைவு வண்டிகளை நம்பாதீர்கள். இரண்டு நிலையங்களுமே ஊருக்குத் தள்ளி இருப்பதால் அங்கிருந்து ஆட்டோவோ பேருந்தோ பிடிக்கவேண்டும்.

6. முதல் நாள் காலை: அறச்சலூர்

ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்பினால் 7 மணிக்கு நாகமலை அடிவாரத்தில் இருக்கலாம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, உச்சியை நோக்கி ஏறிவிடுவது. ஆண்டிப்பாறை உச்சியில் இல்லை, கீழ்ச்சரிவிலேயே இருக்கிறது. ஏறத் தொடங்குமுன் அடிவாரத்தில் ஒருவரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கவேண்டியது, ஐந்துக்கு ஐந்து என்று சதுரமாக அடுக்கிய தாள எழுத்துகள். முதல் வரி ‘த தை தா தை த’. இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் அதே வரிதான். மேலிருந்து கீழே வந்தாலும் முதல் நெடுவரிசையில் அதே ‘த தை தா தை த’ கிடைக்கும். கடைசி வரியும் இதுவே. டார்ச்சை எழுத்துக்கு நேரே அடிக்காதீர்கள். பாறையோடு ஒட்டினாற்போல் பக்கத்தில் வைத்து, மெல்ல நகர்த்திக்கொண்டே பாருங்கள். எங்கும் ஒரே அடிப்படை எழுத்து ‘த’தான், அதன்மேல் ஏறும் உயிர்க்குறிதான் மாறுகிறது. அந்தக் குறிகளை மட்டும் கண்ணால் தொடர்ந்தால் சதுரம் தானாகப் பிடிபடும். ஒரு முறை பிடிபட்டுவிட்டால், சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து தாளக் கட்டைக் கல்லில் எழுதியிருக்கிறார் என்பது உடம்பில் உறைக்கும். அவருடைய பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது: எழுத்துப் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன்னையும் மணியையும் சோதித்து மதிப்பிடுபவர்.

1960-களின் தொடக்கத்தில் இந்தக் கல்வெட்டை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் புலவர் செ. இராசு. அதன் மசிப்படி படம் பல நூல்களில் இருக்கிறது. அச்சிட்டு எடுத்து வராமல் இங்கே வந்தால் பாதி எழுத்துகூடக் கண்ணில் படாது.

9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். சாப்பாட்டைச் சென்னிமலையில் வைத்துக்கொள்ளலாம்.

7. முற்பகல்: கொடுமணல்

சென்னிமலைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ., நொய்யலின் வடகரை. சென்னிமலையிலிருந்து நகரப் பேருந்து உண்டு, ஆனால் குறைவு. இறங்கும்போதே திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் சென்னிமலைக்கு ஆட்டோ கிடைப்பதும் கடினம்.

இங்கே ஏமாற்றம் அடைபவர்கள்தான் அதிகம், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கொடுமணலில் கட்டடம் எதுவும் கிடையாது. அகழாய்வு முடிந்ததும் குழிகளை மண் போட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் பார்க்கப்போவது சோளக்காடும் கருவேல மரமும் மேய்ச்சல் நிலமும்தான். அந்த நிலத்தைப் படிக்கத் தெரிந்தால்தான் வந்ததற்குப் பயன்.

முதலில் கல்வட்டங்கள். பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகக் கிடந்தால் நடுவில் ஒரு காலத்தில் ஈமக்குழி இருந்திருக்கிறது என்று பொருள். உழவுக்காகப் பல கற்களை நகர்த்தியிருப்பதால் முழு வட்டத்தை எதிர்பார்க்காதீர்கள், வளைவாக நாலைந்து கல் கிடந்தாலே நின்று பாருங்கள்.

அடுத்தது தரை. உழுத காட்டு ஓரத்தில் குனிந்து பார்த்தால் பானை ஓடுகள் கிடக்கும். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு என்று இருந்தால் அது கறுப்பு-சிவப்புப் பானை. கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் படாமல் கறுத்து, வெளியே காற்றுப் பட்டுச் சிவந்தது. உடைந்த விளிம்பில் இரண்டு நிறமும் ஒன்றையொன்று தொடுவது தெளிவாகத் தெரியும். கையில் எடுத்தால் கனமாக, நுரைத்த கரும்பாகு இறுகியது போல் துளைதுளையாக இருக்கும் கட்டி இரும்புக் கிட்டம், அதாவது இரும்பு உருக்கியபோது வழிந்த கசடு. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வரும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கொள்ளும் முடிவு. மணிக்கற்களும் இரும்பும் பெயர் பொறித்த பானை ஓடுகளும் 1985-லிருந்து நடந்த அகழாய்வுகளில் இங்கே கிடைத்தன.

பார்த்ததை அதே இடத்தில் வைத்துவிடுங்கள். ஓடுதானே, மணிதானே என்று பையில் போடக்கூடாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த ஓடு ஆய்வுக்குப் பயன்படாது. “கல்லு இருக்குங்க, வாங்கிக்கிறீங்களா” என்று யாராவது கையில் மணிகளோடு வந்தால், மறுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் தோண்ட ஆள் வருகிறது.

நிலத்தில் பெரும்பகுதி பட்டா நிலம். வேலியைத் தாண்டுமுன் காட்டுக்காரரிடம் கேளுங்கள். விதைத்த காட்டில் மிதிக்காதீர்கள், திறந்த படலைச் சாத்திவிட்டு வாருங்கள்.

8. பிற்பகல்: விஜயமங்கலம், திங்களூர்

சொந்த வண்டியில் வருபவர்கள் ஊத்துக்குளி வழியாகவோ பெருந்துறை வழியாகவோ வரலாம். ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்க நின்றால் நேரம் போவது தெரியாது, கவனம். பேருந்தில் வருபவர்கள் சென்னிமலை, பெருந்துறை என்று மாறி ஏறவேண்டும்.

நெட்டைக் கோபுரம் விஜயமங்கலத்தை ஒட்டிய மேட்டுப்புதூரில் இருக்கிறது. பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். காவலர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். பக்கத்து வீட்டில் கேட்டால் ஆள் அனுப்புவார்கள். பிற்பகல் 3 முதல் 5 மணிக்குள் போவது நல்லது, இருட்டியபின் திறக்கச் சொல்லிக் கேட்பது முறையாகாது. உள்ளே சிரவணபெளகொள கோமதீசுவரர் சிலையை எடுப்பித்த சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை நோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் நிசீதிகைக் கல்லைத் தவறவிடாதீர்கள். வேகமாக நடப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

திங்களூர்ப் புஷ்பநாதர் சமணக் கோயில் இங்கிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. வெளிச்சம் மிச்சம் இருந்தால் மட்டும் போங்கள்.

திருப்பூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் திங்களூருக்குப் பதிலாக சர்க்கார் பெரியபாளையத்துச் சுக்ரீசுவரர் கோயிலைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘மிளகீசுவரர் கோயில்’ என்றும் கேட்கலாம். பக்கத்திலேயே நஞ்சராயன் குளம், பறவைகள் சரணாலயம்.

9. இரண்டாம் நாள்: புகலூர் ஆறுநாட்டார் மலை, கரூர்

ஈரோட்டிலிருந்து கொடுமுடி வழியாக வேலாயுதம்பாளையம் ஏறத்தாழ 50 கி.மீ. இங்கேயும் காலை 8 மணிக்குள் மலையில் இருக்கவேண்டும்.

கோயில் படியில் ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு இறங்குபவர்கள் படுக்கைகளைப் பார்க்காமலே போவார்கள், ஏனென்றால் அவை படிவழியில் இல்லை. படுக்கைகள் ஒரே இடத்திலும் இல்லை. ‘இன்னொரு பக்கமும் இருக்குதுங்களா’ என்று கேட்டு, மலையைச் சுற்றி வாருங்கள். ஒதுங்கிப் போகும் பாறைகளில் தனியாகப் போகாதீர்கள், இருவராகவாவது போங்கள்.

இங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளில் முக்கியமானது சேர மன்னர் மூன்று தலைமுறையைச் சொல்வது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவிக்காக வெட்டிக்கொடுத்த உறைவிடம் இது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: தமிழியில் ‘க’ என்பது கூட்டல் குறி. ‘ர’ ஒற்றைச் செங்குத்துக் கோடு. ‘பெருங்கடுங்கோன்’, ‘இளங்கடுங்கோ’ என்று ககரம் திரும்பத் திரும்ப வருவதால், முதலில் கூட்டல் குறிகளை மட்டும் தேடுங்கள். ஒன்றைக் கண்டுபிடித்ததும் மசிப்படித் தாளோடு ஒப்பிட்டு இருபுறமும் நகருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு பெயரை நீங்களே வாசித்துவிடுவீர்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் இந்தப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் அவர்களுக்குக் கொடுங்கள்.

அங்கிருந்து கரூர் ஏறத்தாழ 15 கி.மீ. அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

10. படம் எடுப்பதும் எழுத்தைத் தொடுவதும்

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில், அங்குள்ள அறிவிப்புப் பலகையை முதலில் படியுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்குக் கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குப் பொதுவாகத் தடை இருக்காது. முக்காலி வைத்து எடுக்கவும், வணிகப் படப்பிடிப்புக்கும், ட்ரோனுக்கும் முன் அனுமதி வேண்டும். கருவறைக்குள் எடுக்காதீர்கள்.

எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று சாக்கட்டியால் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் செய்யக்கூடாது. சாக்கட்டித் தூள் வெட்டுக்குள் தங்கிவிடும். தவறாக ஒரு கோட்டை இழுத்துவிட்டால், அடுத்து வருபவர் அதையும் எழுத்தாகவே படிப்பார். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

புதிதாக வண்ணம் பூசியிருப்பதையோ, பாறை உடைத்திருப்பதையோ, பெயர் கீறியிருப்பதையோ கண்டால் தேதி தெரியும்படி இரண்டு படம் எடுங்கள்: ஒன்று கிட்டத்தில், ஒன்று மலையோடு சேர்த்துத் தள்ளி நின்று. ஊர்ப் பெயர், வட்டம், மாவட்டம் எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.